குரலுக்கும் நிறம் உண்டோ?

கண்ணிழந்த பிள்ளைக்குக் கருப்பேது, வெளுப்பேது? ஆயினும் அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்துப் பார்வையற்றோர் பள்ளியில், அப்பிள்ளைகளையும் நிறம் பார்த்தே பிரித்து வைத்தனர்! அங்குப் பயின்றவர்தான், 1930-இல் ஜார்ஜியாவில் பிறந்த கருப்பினப் பாடகர் ரே சார்லஸ்.

பள்ளியை அறுத்த நிறவெறி பாட்டையும் அறுத்தது. 1920-களில் இசைத்தட்டு வணிகர் கருப்பர் பாட்டுக்கொரு பட்டியல், வெள்ளைக் குடியானவர் பாட்டுக்கொரு பட்டியல் என வகுத்தனர். பின்னது ‘கன்ட்ரி’ இசையாயிற்று. வெள்ளையரின் தனியுடைமை எனவும் பேசப்பட்டது. அதில் ஒலிக்கும் பாஞ்சோவோ, அடிமைகளாய்க் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் அளித்த கொடை! உழைத்தவன் ஒருவன், உரிமை கொண்டாடியவன் வேறொருவன்!

1961-இல், நிறம் பிரித்து அமர்த்திய அகஸ்டா நகர அரங்கில் பாட மறுத்தார் ரே சார்லஸ். மறு ஆண்டே, ‘மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்’ என்ற தட்டில் 12 கன்ட்ரி பாடல்களைத் தம் குரலில் வார்த்தார். சிற்றூர்க் கிதார்ப் பாட்டுக்கு நரம்பிசைக் குழுவும் பித்தளைக் குழல்களும் துணை நின்றன. கருப்பர் கோயிலில் எழும் உருக்கம் அதில் உயிராய் ஓடிற்று. அன்பர் விலகுவர் என நிறுவனத்தார் அஞ்சினர். மக்களோ, 14 வாரம் அதனை முதலிடத்தில் வைத்தனர்!

எனினும் கன்ட்ரி இசையின் புகழ்மன்றம் அவரை ஏற்றது 2022-இல். அவர் மறைந்து 18 ஆண்டுகளுக்குப் பின்! கேட்கும் செவி அன்றே திறந்தது. காக்கும் கதவு திறக்க 60 ஆண்டு. சுவரெழுப்பியது இசையன்று, ஆதிக்கமே என்பதற்கு இதனினும் சான்று நமக்கு வேண்டுமோ?