எல்.டி.ஐ. (விக்டர் கிளெம்பரர்)

சர்வாதிகாரம் மக்களின் அன்றாடப் பேச்சுக்குள் எப்படிப் புகுகிறது என்பதை ஆராயும் ஜெர்மன் நூல், 1947இல் வெளிவந்தது. 'மூன்றாம் ரைஹின் (நாஜி ஆட்சியின்) மொழி' எனப் பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கமே தலைப்பு. யூதக் குடும்பத்தில் பிறந்த விக்டர் கிளெம்பரர் (1881–1960), டிரெஸ்டனில் பேராசிரியராக இருந்தவர். 1935இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். நூலகக் கதவுகளும் அடைபட்டபின், செய்தித்தாளின் மரண அறிவிப்பும் தொழிற்சாலைப் பேச்சுமே அவருக்கு ஆய்வுத் தரவுகள். வெறித்தனத்தைக் குறிக்கும் 'ஃபனாட்டிஷ்' என்ற சொல், நாஜி ஆட்சியில் பாராட்டாகவே மாறிவிட்டதைக் குறித்துவைத்தார். ஆட்சியை வெறுத்தவர்களும், வதைபட்ட யூதர்களும்கூட அந்த மொழியையே புழங்கினர். நூலின் ஆக முக்கியமான கண்டறிதல் இதுதான். இவற்றையெல்லாம் அவர் எழுதிவந்த நாட்குறிப்புத் தாள்களை மனைவி ஏவா, பிர்னாவிலிருந்த தோழியிடம் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். சோதனையில் சிக்கியிருந்தால் உயிர் போயிருக்கும். அந்த நாட்குறிப்புகள் 1995இல் அச்சேறின.