குறிகட்டுவான்

இலங்கையின் வட மாகாணத்தில், யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள சிற்றூரும் இறங்குதுறையும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் பயணிகள் படகேறுவது இங்கேதான்.

இக்கடலின் பழைய பெருந்துறை ஊர்காவற்றுறை. 12ஆம் நூற்றாண்டில் மன்னன் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டும் அத்துறையைப் பற்றியதே. யானை, குதிரை ஏற்றிவந்த கலம் சேதமுற்றால் சரக்கில் நான்கில் ஒரு பங்கும், வணிகக் கலமானால் பாதியும் அரசுக்குரியவை என்று அது விதிக்கிறது.

குறிகட்டுவானைப் பெருந்துறை ஆக்கியது தரைவழிதான். 20ஆம் நூற்றாண்டில் வேலணையையும் புங்குடுதீவையும் இணைத்து வாணர் தாம்போதி எழுந்தது. அதற்கு முன் புங்குடுதீவாரே தோணியேறித்தான் வேலணைக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பேருந்து மேற்குக் கரைவரை வரத் தொடங்கியதும், அப்பால் உள்ள தீவுகளுக்கு இத்துறையே வாசலாயிற்று.

1985 மே 15 அன்று நெடுந்தீவு மாவலித்துறையிலிருந்து இங்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே வெட்டினர் என்று உயிர் தப்பியோர் சாட்சியம் சொன்னார்கள். தீவகத்தின் நினைவில் இன்றும் ஆறாத புண் இது. நெடுந்தீவில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. உள்நாட்டுப் போரில், 1990–91இல் தீவகம் அரச படையினர் வசமானபோது புங்குடுதீவு மக்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போனார்கள். பலரது குடும்பங்கள் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டன. பூட்டிய வீடுகளும் தூர்ந்த கிணறுகளும் வழி நெடுகத் தென்படுகின்றன.

நயினாதீவுக்குக் கடக்க ஏறத்தாழ இருபது நிமிடம், நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவின்போது துறையில் கால்வைக்க இடமிராது. அத்தீவிலுள்ள நாகதீப விகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகர்களும் இதே வரிசையில் நின்று இதே படகுகளில் ஏறுகிறார்கள். நெடுந்தீவுப் படகிலோ ஆட்களோடு சீமெந்து மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், மரக்கறிச் சாக்கு, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏறும். அங்குள்ள கடைகளுக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி இவ்வழியே போவதால், காற்று எழுந்து கடல் கொந்தளித்துப் படகு நின்றால் அத்தீவில் மரக்கறிக்கும் தட்டுப்பாடு வந்துவிடும்.