செரட்டோனின்: குருதி தந்த பெயர்

என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் வாடிய முகத்துடன் வந்தான். இராசிபுரத்தை அடுத்த சிற்றூரில் தறி நெய்யும் அவனுடைய தாத்தாவுக்கு ஒரு மாலையில் வலக்கை விளங்காமற்போய், வாயும் கோணிவிட்டது. எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில்தான் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்கள். "சார், செரட்டோனின் மூளைக்குரிய பொருள் என்கிறார்களே, தாத்தாவின் இரத்தத்தில் அதை அளந்தால் மூளை தேறுமா என்று தெரியாதா?" என்று கேட்டான். வாசகர்களே, இவ்வினாவுக்கு விடை அப்பொருளின் வரலாற்றிலேயே இருக்கிறது.

குருதி உறையும்போது வெளிப்படும் ஏதோ ஒன்று இரத்த நாளங்களைச் சுருக்குகிறது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. உயர் இரத்த அழுத்தத்தின் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெரும் இடையூறு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவரும் 1948இல் மாட்டுக் குருதியின் சீரத்திலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். சீரத்தில் இருப்பது, நாளங்களை இறுக்குவது என்ற பொருளில் செரட்டோனின் எனப் பெயரிட்டனர். இத்தாலியில் எர்ஸ்பாமர் 1930களில் குடலில் கண்ட பொருளும் இதுவே என 1952இல் உறுதியாயிற்று. மூளையிலும் அது உண்டு என்று பெட்டி டுவாரோக், பேஜ் இருவரும் காட்டியது 1953இல்தான்.

உடலின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் உண்டாகிறது. குருதியில் உள்ள நுண்ணிய தட்டணுக்கள் அதை உறிஞ்சிச் சுமக்கின்றன. நாமக்கல் லாரிகள் பிறர் செய்த சரக்கை ஏற்றிச் செல்வதைப் போலத்தான்! குருதி உறையும் இடத்தில் அச்சரக்கு இறங்குகிறது. மூளை நாளம் உறைகட்டியால் அடைபட்டு வரும் பக்கவாதத்தில் இதுவே நிகழ்கிறது. ஆனால் குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு. செரட்டோனின் அதைக் கடப்பதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. எனவே குருதியில் காணும் அளவு தட்டணுக்களின் கதையைச் சொல்லுமேயன்றி, மூளையின் கதையைச் சொல்லாது. சோதனைக் குழாயில் குருதி உறைந்தாலே அந்த அளவு மாறிவிடும்!

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கிறது என்று கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931இல் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் 50 நோயாளிகளிடம் அதன் பயனை விளக்கினார். அவ்வேரிலிருந்து 1952இல் ரெசர்ப்பின் பிரிக்கப்பட்டது. அது உடலின் செரட்டோனின் சேமிப்பையே காலிசெய்கிறது என்று 1955இல் பிராடி குழுவினர் கண்டனர். மூளையின் வேதியியலை ஆராய அது ஒரு திறவுகோலாயிற்று. 1967இல் அமெரிக்காவில் 143 பேரிடம் நடந்த ஆய்வில் ரெசர்ப்பினும் ஒரு மருந்து. மிகுந்த இரத்த அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதம் முதலிய பெருந்தீங்குகள் குறையும் என்று அது மெய்ப்பித்தது. மனச்சோர்வு முதலிய பக்க விளைவுகளால் இம்மருந்து இன்று அரிதாகவே வழங்கப்படுகிறது. வேரை நாமே அரைத்துக் குடிப்பது ஆபத்து.

பக்கவாதத்துக்குப் பின் செரட்டோனினைத் தூண்டும் ஃபுளுஆக்சடின் கை கால்களைத் தேற்றும் என்று 2011இல் ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை ஊட்டியது. 2018லும் 2020லும் வெளியான பெரிய ஆய்வுகளில் அது பலிக்கவில்லை.

ஆகவே அம்மாணவனிடம், "அந்த மாலையில் அளக்க வேண்டியிருந்தது செரட்டோனினை அன்று தம்பி, நேரத்தை" என்றேன். உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் தரவேண்டும். அதற்கு முன் அது அடைப்பா, கசிவா என்று சி.டி. ஸ்கேன் காட்டவேண்டும். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெயைத் தேடாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், 108ஐ அழையுங்கள். நாற்பதைக் கடந்த உங்கள் வீட்டுப் பெரியவர்களின் இரத்த அழுத்தத்தை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.