ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

1/ பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் ‘பாடு’ன்னு ஒரு முறை இருக்கு. எந்த இடத்துல, எந்த நாள், யார் வலை போடலாம்னு ஊர் கூடி முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. முறை தவறினா அடுத்த முறை வரைக்கும் காத்திருக்கணும்.

இதுக்கும் தடுப்பூசி வீடியோவுக்கும் என்ன சம்பந்தம்? 200 வருஷம் பின்னாடி போயிட்டு வருவோம், வாங்க.

2/ பெரியம்மைக்கான ஜென்னரின் தடுப்பு மருந்து 1802-ல் இந்தியா வந்தது. பசுவுக்கு வரும் அம்மையிலிருந்து கிடைத்த மருந்து. மக்களுக்குத் தயக்கம்.

திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லிஸ் துரை, சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வது போல ஒரு கதை எழுதினார்: இந்த மருந்தும் பசு தந்த வரம்தான்னு. தன் பேச்சைச் சாமி வாயில வச்சார்!

3/ 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி மைசூர் அரசிகளை ஓவியமாக வரைந்தார். அதில் ஒருவர் சேலையை விலக்கிக் கையைக் காட்டுகிறார். அது தடுப்பூசி விளம்பரம்தான் என்பது வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலரின் கருத்து. வீடியோ இல்லாத காலத்து வீடியோ!

4/ 2021 ஏப்ரல் 15. நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கணும்னு கேமரா முன்னால் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி இறந்துவிட்டார்.

நம்பிக்கை கொடுத்த அதே முகம் பயத்துக்கும் காரணமாச்சு.

5/ உண்மை என்ன? அவருடைய இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு. அந்த மாதிரி கொழுப்பு ஒரே ராத்திரியில் படிவதில்லை. மரணத்துக்கு ஊசி காரணமல்லன்னு மத்திய அரசின் நிபுணர் குழு சொன்னது. ஆனா அந்த அறிக்கை வெளியானது அக்டோபரில்! வதந்திக்கு ஆறு மாசம் லீடு கொடுத்துட்டோம்.

6/ இப்ப பழவேற்காட்டுக்கு வருவோம். ‘ஊசி போட்டா ஒரு நாள் காய்ச்சல் வரலாம், ஓய்வெடுங்க’ன்னு வீடியோவில் சுலபமா சொல்லிடறோம். அந்த ஒரு நாள் ஒருத்தரோட பாடு நாளா இருந்தா? ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அது அன்றைய கூலி. ஊசி வேணாம்னு சொல்றவங்க எல்லாருமே பயந்தவங்க இல்லைங்க. சிலர் கணக்குப் போடறவங்க.

7/ அடுத்த தொற்று வரும்போது நல்ல முகம் மட்டும் தேடாதீங்க. பக்கவிளைவை முன்கூட்டியே சொல்லுங்க. கெட்டது நடந்தா அன்னைக்கே விளக்குங்க. குப்பத்துக்குப் போனா முதல்ல இதைக் கேளுங்க: “அண்ணே, உங்க பாடு என்னைக்கு?”

முகாம் தேதியை அதுக்கு அப்புறம் குறிப்போம்.