டிக்கன்ஸின் கெழுவும் கணினியின் தேடலும்: வெள்ளக் கணிப்பின் வரலாறு

1865-இல் சி. எச். டிக்கன்ஸ் வட இந்திய ஆறுகளின் உச்ச வெள்ளத்தைக் கணிக்க ஒரு சூத்திரம் தந்தார். வடிநிலப் பரப்பின் முக்கால் அடுக்கை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும், அவ்வளவே. மெட்ரிக் அளவில் அக்கெழு மத்திய இந்தியாவுக்கு 14 முதல் 28 வரை இருக்கலாம் என்பது பாடநூல் வழக்கு. மண், சரிவு, காடு, மழையின் வேகம் யாவும் அந்த ஓர் எண்ணுக்குள் ஒடுங்கின. 14-ஐக் கொண்டு கட்டிய பாலத்தைவிட 28-ஐக் கொண்டு கட்டிய பாலம் இருமடங்கு வெள்ளத்துக்கு வழிவிடும். எண்ணைத் தேர்ந்தது பொறியாளரின் அனுபவமே.

1932-இல் ஷெர்மன் வகுத்த அலகு நீர்வரைபடம், உச்சத்தை மட்டுமன்றி வெள்ளம் ஏறி இறங்கும் முழுப் போக்கையும் மழையோடு இணைத்தது. கணினி வந்தபின் மண்ணீரம், ஊடுருவல், நிலத்தடிச் சேமிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவுருக்கள் கொண்ட மாதிரிகள் எழுந்தன. அவற்றுள் பலவற்றைக் களத்தில் நேரடியாக அளக்க இயலாது. ஆகவே 1965-இல் டாவ்டியும் ஓ'டானலும், கணித்த நீரோட்டத்துக்கும் அளந்த நீரோட்டத்துக்கும் இடையிலான பிழை குறையும்வரை அளவுருக்களைக் கணினியே திருத்தும்படி செய்தனர். உகப்பாக்கம் நீரியலுக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

ஆனால் பிழையின் பரப்பு ஒரே பள்ளம் கொண்ட கிண்ணமன்று. எண்ணற்ற சிறு பள்ளங்கள் நிறைந்தது. தேடல் தொடங்கும் இடத்தைப் பொறுத்து விடையும் மாறியது. 1992-இல் துவான், சொரூஷியன், குப்தா ஆகியோர் பல புள்ளிகளைக் குழுக்களாகப் பிரித்துத் தேடவிட்டு, பின்னர் கலந்து மீண்டும் பிரிக்கும் முறையால் இச்சிக்கலைப் பெருமளவு தீர்த்தனர். அதே ஆண்டில் பெவனும் பின்லியும் வேறொரு கேள்வியை முன்வைத்தனர்: வெவ்வேறு அளவுருத் தொகுதிகள் ஏறத்தாழ ஒரே அளவு பொருந்தும்போது, ஒன்றை மட்டும் உண்மையெனக் கொள்வது எங்ஙனம்?

இந்தியாவில் இக்கேள்விக்கு முன்னதாகவே மற்றொன்று நிற்கிறது. உகப்பாக்கத்துக்கு ஒப்புநோக்க அளந்த நீரோட்டம் வேண்டும். சிற்றாறுகள் பலவற்றில் அளவீடே இல்லை. ஆகவேதான் மத்திய நீர் ஆணையமும் ரயில்வே ஆய்வு அமைப்பும் வானிலைத் துறையும் இணைந்து நாட்டை 26 உபமண்டலங்களாகப் பகுத்து, ரயில்வே பாலங்களில் அளந்த வெள்ளங்களைக் கொண்டு மண்டலச் சூத்திரங்களை வகுத்தன. அளவீடற்ற ஆற்றின் பாலத்துக்கு இன்றும் அண்டை ஆறுகளின் சராசரியே அடிப்படை. தேடல் முறை எவ்வளவு கூர்மையுற்றாலும், ஆற்றங்கரையில் எவரும் பதிவு செய்யாத வெள்ளத்தை அது மீட்டுத் தராது.