தறிக்குடோனில் கையடக்கக் காமிரா

"ஏனுங் சித்தப்பா, நித்தமும் பையில போட்டுட்டுப் போறதுக்குப் பழைய டிஜிடல் காமிரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறனுங்க. எதை வாங்கறதுங்க?" என்று அண்ணன் மகள் கேட்டபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் கையில் இருக்கும் தொலைபேசி, நான் 2005இல் வாங்கிய காமிராவைப் போலப் பத்து மடங்கு வேலை செய்யக்கூடியது. ஆனால் அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. 2010க்கு முந்தைய சிறு காமிராக்களை இளைஞர்கள் தேடி வாங்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2010இல் உலகெங்கும் பத்துக் கோடிக்கும் மேல் விற்பனைக்குப் போன கையடக்க டிஜிடல் காமிராக்கள், 2023இல் இருபது லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒன்று மீண்டும் தேடப்படும்போது, அது இருந்த காலத்தில் நமக்கு என்ன செய்தது என்று திரும்பிப் பார்க்க ஓர் சந்தர்ப்பம் கிடைக்கிறது. அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

'தினசரிப் பயன்பாட்டுக்கான காமிரா' என்ற எண்ணமே வணிகம் உண்டாக்கியது. 1857-58இல் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தபோது அது அரசாங்கம் ஏற்பாடு செய்த ஒரு பயணம். வண்டிகளும் ஆட்களும் ரசாயனங்களும் இல்லாமல் ஒரு படம்கூடச் சாத்தியமில்லை. 1888இல் ஈஸ்ட்மன் முதல் கோடக் காமிராவை நூறு படங்களுக்கான சுருளோடு விற்றார். 1900இல் பிரௌனி ஒரு டாலருக்கு வந்தது. ஆனால் அந்த 'தினசரி' கொங்கு நாட்டு விவசாயி வீட்டுக்கும் தறிக்காரர் வீட்டுக்கும் வந்துசேர அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அது அக்ஃபா கிளிக் III வடிவில் வந்தது. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த பெட்டி. வெயில், மேகம் என்று இரண்டே நிலைகள். 120 சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். சுருளும் பெரும்பாலும் நம் பக்கத்து மலையிலிருந்தே வந்தது. 1960இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தியை ஆரம்பித்த உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' சுருள் அது. தெளிந்த காலைகளில் எங்கள் ஊர் மொட்டைமாடியிலிருந்து தெரியும் நீலகிரியில் எங்கள் நினைவுகளுக்கான படலம் பூசப்பட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது. பின்னாளில் நலிந்து அந்த ஆலை மூடப்பட்டது தனிக்கதை. வேறொருவர் விரிவாக எழுத வேண்டிய கதை.

பன்னிரண்டு படங்கள் என்பதுதான் இங்கே முக்கியம். சுருள் வாங்க, கழுவ, அச்சிட என்று ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு. ஆகவே எதைப் படமெடுப்பது என்பதைக் கண் தீர்மானிக்கவில்லை, கை இருப்பு தீர்மானித்தது. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் 2004 வரையிலான படங்களை ஒருமுறை எண்ணினேன். நூற்று நாற்பதுக்குச் சற்றுக் கூடுதல். கல்யாணம், சீர், காதுகுத்து, அக்டோபரில் ஜெபமாலை அன்னை கோயில் தேர், பழனி, ஊட்டி, இறந்தவர்களை நாற்காலியில் சாய்த்து வைத்து எடுத்த இரண்டு படங்கள். எழுபதுகளிலிருந்து தறி ஓடிய வீடு அது. சோமனூர் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளைப்போல எங்கள் சோறும் படிப்பும் அந்தத் தறிகளிலிருந்தே வந்தன. அந்த நூற்று நாற்பது படங்களில் ஒன்றில்கூட ஒரு தறி இல்லை. யாரும் மறைக்கவில்லை, வேலைநாளுக்காக ஒரு படத்தைச் செலவழிக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கொங்கு வட்டாரத்தின் உழைப்பு வரலாற்றை எழுத வருபவர் குடும்ப ஆல்பங்களைப் புரட்டினால் இங்கே எல்லோரும் பட்டுடுத்தி நின்றுகொண்டே இருந்தார்கள் என்ற முடிவுக்கு வரக்கூடும்.

கையடக்க டிஜிடல் காமிரா மாற்றியது இதைத்தான். அதன் முன்கதை பலருக்கும் தெரிந்ததே. 1975இல் கோடக் நிறுவனத்தின் ஸ்டீவ் சாசன் செய்த முதல் கருவி மூன்றரைக் கிலோவுக்கும் மேல் எடை. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1995இல் காசியோ க்யூவி-10 பின்புறத் திரையோடு வந்தது. எடுத்த படத்தை அங்கேயே பார்க்கலாம், வேண்டாமென்றால் அழிக்கலாம். சொடுக்கின் விலை பூஜ்யமாகிவிட்ட தருணம் அது. நம் ஊர்களுக்கு அந்தப் பூஜ்யம் 2003க்குப் பிறகே வந்தது.

நான் வாங்கியது நான்கு மெகாபிக்சல், இரண்டு பென்சில் செல்லில் ஓடுவது. அந்நாளைய விமர்சனங்கள் மெகாபிக்சலையும் ஜூமையும் எண்ணிக்கொண்டிருந்தன. அவை சொல்லாத ஒரு கணக்கு உண்டு. பழைய 35 மிமீ படச்சட்டத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அத்தகைய சிறு காமிராக்களின் உணரி ஏறத்தாழ 25 சதுர மில்லிமீட்டர். முப்பத்தைந்தில் ஒரு பங்கு வெளிச்சப் பாத்திரம். வெயிலில் இது தெரியாது. தறிக்குடோனுக்குள் நுழைந்த மறுகணம் தெரிந்துவிடும்.

தகரக் கூரை, இரண்டு குழல்விளக்கு, எண்ணெய்க் கறுப்பேறிய சுவர். பிளாஷ் இல்லாமல் எடுத்தால் கை நடுக்கம். பிளாஷ் போட்டால் படம் முழுக்க வெள்ளை வட்டங்கள். முதலில் காமிரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். காற்றில் மிதக்கும் பஞ்சுத்தூசி அது. சிறு காமிராக்களில் பிளாஷ் லென்ஸுக்கு ஒட்டியே இருப்பதால், லென்ஸுக்கு மிக அருகில் மிதக்கும் இழைத்துணுக்குகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி வட்டமாகப் பூத்துவிடுகின்றன. குறை என்று ஒதுக்கிய அந்தப் படங்களைத்தான் இன்று நான் மதிப்புடன் வைத்திருக்கிறேன். அப்பாவும் மற்றவர்களும் முப்பது வருடம் எதைச் சுவாசித்தார்கள் என்பதற்கு எங்களிடம் உள்ள ஒரே காட்சிச் சான்று அவை. அண்ணன் மகளின் தொலைபேசி பல சட்டங்களை ஒன்றுசேர்த்துக் குடோனைக் கல்யாண மண்டபம்போல வெளிச்சமாக்கிவிடுகிறது. அந்த இருட்டை அது ஒப்புக்கொள்வதே இல்லை.

மின்கலம் பற்றியும் சொல்ல வேண்டும். 2008க்குப் பின் மின்வெட்டு தொடங்கி, 2012இல் கோவை வட்டாரத்தில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நிலை வந்தது. தறிகள் நின்றன. தனி மின்கலம் கொண்ட அழகான காமிராக்கள் சார்ஜ் இல்லாமல் கிடந்தபோது, பெட்டிக்கடை செல்லில் ஓடுவது ஒன்றுதான் நின்றுபோன தறிகளைப் படமெடுத்தது. மலிவான செல் போட்டால் பத்துப் படத்தில் மூச்சு நின்றுவிடும் என்பதும் உண்மை.

ஆனால் இந்தக் காமிராவின் பெரிய பலவீனம் படத்தில் இல்லை, படத்தின் ஆயுளில் இருக்கிறது. செல் மாற்றும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காசளவு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி ஆரம்பத்துக்குப் போய்விடும். என் கோப்புகளில் நூற்றுக்கணக்கானவை '2005 ஜனவரி 1' என்று சாதிக்கின்றன. பதிவுகளைச் சேமித்த குறுந்தகடுகளில் பாதி திறக்கவில்லை. ஒலிம்பஸும் ஃபுஜிஃபில்மும் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்டி அட்டையைப் படிக்கும் கருவியே இன்று அரிது. அச்சிட்டவையோ, நான்குக்கு மூன்று விகிதப் படத்தை ஆறுக்கு நான்கு தாளில் அடைத்ததால் தலை வெட்டுப்பட்டு வந்தன. நண்பர்களைக் கேட்டால் எல்லோர் வீட்டிலும் இதே கதைதான். மிக அதிகமாகப் படமெடுத்த பத்தாண்டுகளில்தான் தகரப்பெட்டி காலியாக இருக்கிறது. செங்கப்பள்ளி முதல் நீலாம்பூர் வரை நெடுஞ்சாலை அகலமானது அந்த ஆண்டுகளில்தான். அதற்கு முன்பிருந்த சாலையை நான் எடுத்த படங்களில் மிஞ்சியவை ஆறு.

அப்பா இழை அறுந்த பாவில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு படம் இருக்கிறது. காமிரா சொடுக்கைத் தாமதித்ததால் முகம் திரும்பிவிட்டது. ஒரு காதும் விரல்களும்தான் தெளிவு. கோப்பில் வழக்கம்போல 2005 ஜனவரி 1. பெரிதாக்கிப் பார்த்தபோது பின்சுவரில் தினசரிக் காலண்டர் தெரிந்தது. எண் 17 என்று வாசிக்க முடிகிறது, மாதம் மங்கல். கீழே கிழமையின் முதல் எழுத்து 'வி'. அப்பா அந்தக் குடோனில் கடைசியாக நின்றது 2006 ஆகஸ்ட் வரை. அந்த ஆண்டு பதினேழாம் தேதி வியாழனில் விழும் ஒரே மாதம் ஆகஸ்டு என்று அண்ணனும் நானும் கணக்குப் போட்டோம். ஆகஸ்டுதான் என்று அண்ணன் உறுதியாகச் சொல்கிறான். நான் ஒரு கேள்விக்குறியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணன் மகளுக்குக் கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: மெகாபிக்சலைப் பார்க்காதே அம்முணி. பென்சில் செல்லில் ஓடுகிறதா, எஸ்டி அட்டை ஏற்கிறதா, கண்வைத்துப் பார்க்கும் துளை இருக்கிறதா, பிளாஷை நிறுத்த முடிகிறதா என்று பார். செல் மாற்றினால் தேதி வை. வருடத்துக்கு இருபது படமாவது தாளில் அச்சிடு. அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு உக்கடத்தில் ஒரு பழைய கடையில் பேரம் பேசி வாங்கி வந்தாள். மறுநாள் காலை குடோனுக்குத்தான் போனாள். எட்டுத் தறியில் நான்கைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. மீதி நான்கு ஓடிக்கொண்டிருந்தன. பிளாஷைப் போடட்டுங்களா, வேண்டாமுங்களா என்று கேட்டாள். இரண்டு விதமாகவும் எடு என்றேன்.