கல்யாணத்துக்கு லைசென்ஸா? அமெரிக்கக் கவுன்டி பதிவேடுகளின் கதை

போன மாதம் மாலை நடைப்பயிற்சியில் சி பிளாக் அம்மா ஒருவர் என்னை நிறுத்தினார். மகளுக்குக் கலிபோர்னியாவில் கல்யாணம். "சார், அங்கே கல்யாணம் பண்ணிக்க லைசென்ஸ் எடுக்கணுமாமே? டிரைவிங் லைசென்ஸ் மாதிரியா?" என்றார். மகள் அனுப்பியிருந்த படிவத்தில் பெண்ணின் அம்மாவுடைய கல்யாணத்துக்கு முந்தைய பெயரும், அவர் பிறந்த நாடும் கேட்டிருந்தார்கள். "என் பேரு அவங்களுக்கு எதுக்கு?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. கொசு விரட்டும் வரை நின்று பேசினோம். அன்று சொல்ல விட்டுப்போனதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நம் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு இது என்றைக்காவது தேவைப்படும்.

நம் ஊரில் கல்யாணம் முடிந்தபின் போய்ப் பதிவு செய்கிறோம். அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் அனுமதி, அப்புறம்தான் கல்யாணம். அந்த அனுமதியை வாஷிங்டனிலுள்ள மத்திய அரசு தருவதில்லை. மாநிலம் சட்டம் போடும், மாநிலத்துக்குள் இருக்கும் கவுன்டி தாளைக் கொடுக்கும். கவுன்டி என்றால் நம் மாவட்டம் போல ஒரு நிர்வாகப் பிரிவு. நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு. லூசியானாவில் இதையே பாரிஷ் என்பார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஊர் கிளார்க்கிடமும், ஜார்ஜியாவில் உயில் வழக்குகளைப் பார்க்கும் புரோபேட் நீதிமன்றத்திலும் போய்க் கேட்க வேண்டும். எல்லாக் கல்யாணத்தையும் ஓர் இடத்தில் தேடித் தரும் நாடு தழுவிய பதிவேடு கிடையாது. முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லைசென்ஸ் பரவலாவதற்கு முன்பு தென் மாநிலங்களில் திருமணப் பிணைப்பத்திரம் என்று ஒன்று இருந்தது. மாப்பிள்ளையும், பெரும்பாலும் பெண்ணின் அப்பாவோ அண்ணனோ ஆன ஒருவரும் சேர்ந்து கிளார்க் முன் கையெழுத்துப் போடுவார்கள். இந்தக் கல்யாணத்துக்குச் சட்டத் தடை ஏதும் இருந்ததாகப் பின்னால் தெரிந்தால் இவ்வளவு தொகை கட்டுகிறோம் என்று உறுதி கொடுப்பார்கள். பணம் கையில் இருக்க வேண்டியதில்லை, ஜாமீன் மாதிரிதான்.

அப்படி ஒரு பத்திரம் ஒரு ஜனாதிபதியின் அம்மா மானத்தையே காப்பாற்றியது. ஆபிரகாம் லிங்கன் பெரிய ஆளானபின், அவருடைய அப்பா தாமஸ் லிங்கனும் அம்மா நான்சி ஹாங்க்ஸும் முறைப்படி மணந்தவர்களே இல்லை என்று வம்பு பேசினார்கள். பதில் சொல்ல ஆவணம் வேண்டுமே! தம்பதி குடித்தனம் நடத்தியது கென்டக்கியின் ஹார்டின் கவுன்டியில் என்பதால் அங்கே தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. லிங்கன் 1865இல் இறந்தார். பத்து வருடங்களுக்கும் மேல் கழித்துத்தான் பக்கத்து வாஷிங்டன் கவுன்டி நீதிமன்றக் கட்டுகளில் அந்தப் பத்திரம் அகப்பட்டது. தேதி 1806 ஜூன் 10, தொகை 50 பவுண்டு, தாமஸ் லிங்கனோடு கையெழுத்திட்டவர் ரிச்சர்ட் பெர்ரி. ஜூன் 12 அன்று தான் கல்யாணம் செய்துவைத்ததாகப் பாதிரியார் ஜெஸ்ஸி ஹெட் எழுதித் தந்த அறிக்கையும் கிடைத்தது. வம்பு வாயை அடைத்தது அந்த இரண்டு தாள்கள். லிங்கனுக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

எங்கே தவறு நடந்தது, கவனித்தீர்களா? மாப்பிள்ளை வீட்டு ஊரில் தேடினார்கள். கல்யாணம் நடந்தது பெண் தங்கியிருந்த ஊரில். நம் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த வழக்கம்தான். பழைய அமெரிக்கத் திருமணத்தைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பெண் வீட்டுக் கவுன்டியை.

இன்னொன்று. பிணைப்பத்திரமோ லைசென்ஸோ கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி ஆகாது. அது எண்ணம் மட்டும்தான். லைசென்ஸ் வாங்கிவிட்டு மனம் மாறியவர்களும் உண்டு. கல்யாணத்தை நடத்திவைத்தவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் பகுதியைத் தேடுங்கள். அதுதான் சான்று.

பெண் வீட்டு ஊரிலும் கிடைக்காவிட்டால், ஓடிப்போய் மணந்துகொள்ளும் ஊர்களைப் பார்க்க வேண்டும். 1920களிலும் 30களிலும் பென்சில்வேனியா, நியூயார்க் பக்கத்து ஜோடிகள் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மேரிலாந்தின் செசில் கவுன்டியிலுள்ள எல்க்டன் என்ற சிற்றூருக்கு ரயில் ஏறினார்கள். அங்கே காத்திருப்பு விதி கிடையாது. 1938இல் மேரிலாந்து 48 மணி நேரக் காத்திருப்பைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கூட்டம் அடங்கியது. பின்னாளில் லாஸ் வேகஸ் அமைந்த கிளார்க் கவுன்டி அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

பதிவேடுகளில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது 1866ஆம் ஆண்டுப் பக்கங்கள். அடிமைகளாக இருந்தவர்களுக்குச் சட்டப்படி கல்யாணமே கிடையாது. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்து பிள்ளை பெற்றவர்களையும் முதலாளி நினைத்தால் பிரித்து விற்கலாம். விடுதலை வந்ததும் வட கரோலினா ஒரு சட்டம் போட்டது. முன்பு அடிமைகளாக இருந்த தம்பதிகள் கவுன்டி கிளார்க்கிடமோ அமைதி நீதிபதியிடமோ போய், நாங்கள் இத்தனை வருடமாகக் கணவன் மனைவி என்று சொல்லிப் பதிய வேண்டும். கட்டணம் 25 சென்ட். வர்ஜீனியாவில் எடுத்த பதிவேடுகளில் பிறந்த இடம், கடைசி முதலாளியின் பெயர், பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவனும் கிழவியும் வரிசையில் நின்று, எத்தனை வருடம் என்று கேட்டவனுக்கு விரல்விட்டு எண்ணிச் சொல்லும் காட்சி என் கற்பனைதான். ஆனால் அந்த எண்கள் அங்கே இருக்கின்றன. இன்று கறுப்பின அமெரிக்கர் பலருக்கும் முன்னோரின் பெயர் முதன்முதலில் அகப்படும் இடம் இதுபோன்ற ஏடுதான்.

இருந்த கல்யாணத்தை ஒப்புக்கொண்ட அதே கவுன்டர், வேண்டாத கல்யாணத்தைத் தடுக்கவும் செய்தது. படிவத்தில் இனம் எது என்று ஒரு கட்டம் இருந்தது. கலிபோர்னியாவில் வெள்ளையரும் மற்றவரும் மணக்க லைசென்ஸ் தரக்கூடாது என்று சட்டம். 1910களில் இம்பீரியல் கவுன்டிக்கு விவசாய வேலைக்கு வந்த பஞ்சாபியர் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவரக் குடியேற்றச் சட்டங்கள் வழி விடவில்லை. பலர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தார்கள். லைசென்ஸ் கிடைக்குமா என்பது கிளார்க்கின் கண்ணைப் பொறுத்தது. இரண்டு பேரும் ஒரே நிறம்தான் என்று அவருக்குத் தோன்றினால் கிடைக்கும். மறுத்தால் வேறு கவுன்டி, இல்லையென்றால் வேறு மாநிலம். சிங், ராம் போன்ற பெயர்கள் ஸ்பானியப் பெயர்களுக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட அந்த ஏடுகளை வைத்தே ஆய்வாளர் கேரன் லெனார்ட் அந்தக் குடும்பங்களின் வரலாற்றை எழுதினார்.

அந்தச் சட்டம் உடைந்ததும் ஒரு லைசென்ஸ் மனுவால்தான். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஆண்ட்ரியா பெரஸ், சில்வெஸ்டர் டேவிஸ் ஜோடி விண்ணப்பித்தது. பெண் மெக்சிகோ வம்சாவளி, ஆனால் சட்டத்தின் கணக்கில் வெள்ளையர். மாப்பிள்ளை கறுப்பர். கிளார்க் அலுவலகம் மறுத்தது. இருவரும் கத்தோலிக்கர். எங்கள் திருச்சபை தடுக்காத திருமணத்தை அரசு ஏன் தடுக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். 1948இல் மாநில உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதை வேறு.

வர்ஜீனியாவில் இன்னும் இருபது வருடம் ஆயிற்று. ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் ஜெட்டர் இருவருக்கும் சொந்தக் கவுன்டியான கேரலைனில் லைசென்ஸ் கிடைக்காது என்பதால் 1958 ஜூனில் வாஷிங்டன் நகரத்துக்குப் போய் மணந்தார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டுப் படுக்கையறைச் சுவரில் மாட்டினார்கள். அடுத்த மாதமே ஷெரிஃப் நடு இரவில் படுக்கையறைக்குள் வந்து நின்றார். சுவரைக் காட்டினார்கள். இங்கே அது செல்லாது என்று கைது செய்தார். 25 வருடம் தம்பதியாக மாநிலத்துக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு சிறைத் தண்டனையை நிறுத்திவைத்தார் நீதிபதி. 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. லிங்கனின் பெற்றோர் மணந்ததும் ஒரு ஜூன் 12 என்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன்.

அப்படியும் இனம் எது என்ற கட்டம் போகவில்லை. அதை நிரப்பாவிட்டால் லைசென்ஸ் இல்லை என்ற விதி வர்ஜீனியாவில் 2019 வரை இருந்தது. சில ஜோடிகள் மறுத்து வழக்குப் போட்ட பிறகுதான் நீதிமன்றம் அதை நீக்கியது. ரத்தப் பரிசோதனை தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1935 முதல் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பால்வினை நோய்ப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. 1988இல் இல்லினாய் எய்ட்ஸ் பரிசோதனையும் கேட்டது. ஜோடிகள் பக்கத்து மாநிலங்களுக்குப் போய்விட்டன, அடுத்த வருடமே சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன். பழைய பதிவு தேடுகிறீர்கள் என்றால், பெயர், உத்தேச வருடம், கவுன்டி மூன்றும் வேண்டும். உப்பு ஏரி நகரத்து மார்மன் திருச்சபை நடத்தும் ஃபேமிலிசெர்ச் தளத்தில் ஏராளமான கவுன்டி ஏடுகளின் படங்கள் இலவசம். பெயரின் எழுத்துக்கூட்டை மாற்றி மாற்றிப் போடுங்கள், கிளார்க் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். தென் மாநிலங்களில் நீதிமன்றங்கள் எரிந்து ஏடுகள் போன கவுன்டிகள் உண்டு. அங்கே தேவாலயப் பதிவும் பழைய செய்தித்தாளும்தான் கதி. சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் பெரும்பாலும் லைசென்ஸ் தந்த கவுன்டிக்கே எழுத வேண்டும். டெக்சாஸ் மாநில அலுவலகம் கல்யாணம் பதிவாகியிருக்கிறது என்று கடிதம் மட்டும் தரும், நகல் தராது. கலிபோர்னியாவில் ரகசிய லைசென்ஸ் என்று ஒரு வகை உண்டு, அதன் நகல் தம்பதிக்கு மட்டுமே கிடைக்கும். நம் ஊர் அலுவலகத்தில் காட்டப் போகிறீர்களானால், அந்த நகலுக்கு அந்த மாநிலச் செயலர் அலுவலகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் வாங்கச் சொல்லுங்கள்.

பிள்ளைக்குப் புதிதாக லைசென்ஸ் என்றால் அந்தக் கவுன்டியின் விதியைப் பார்த்துவிட்டு முகூர்த்தம் குறியுங்கள். டெக்சாசில் லைசென்ஸ் வாங்கி 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும், நியூயார்க்கில் 24 மணி நேரம். கலிபோர்னியாவில் காத்திருப்பு இல்லை, ஆனால் 90 நாளில் காலாவதி. நடத்திவைக்கும் குருக்கள் கையெழுத்திட்ட லைசென்ஸ் 10 நாளுக்குள் கவுன்டிக்குத் திரும்ப வேண்டும். மொய் எழுதுகிற பரபரப்பில் அந்த உறையைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கல்யாணத்துக்குப் பின் பெண் எந்தப் பெயரில் இருக்கப் போகிறாள் என்பதையும் கலிபோர்னியா படிவத்திலேயே கேட்பார்கள். லைசென்ஸ் கைக்கு வந்தபின் மனம் மாறினால் அதைத் திருத்த முடியாது. நம்மவர்களின் இனிஷியலையும் அப்பா பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். சி பிளாக் அம்மா தன் பெயரை மூன்று விதமாக எழுதிக் காட்டினார். ரேஷன் கார்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. பாஸ்போர்ட்டில் உள்ளதையே மகளுக்கு அனுப்பினார். பிறந்த நாடு என்ற கட்டத்துக்கு, "மன்னார்குடின்னு சேர்த்துப் போட முடியாதா சார்?" என்று கேட்டார். கட்டத்தில் நாட்டுக்கு மட்டும்தான் இடம் இருந்தது.